ஒரு விரல் லூஸ்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், பெரும்பாலும் அது உண்மையும்கூட. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உன் அண்ணன் மகளுக்கு மூன்று மாதம் ஆகிறது. முதுகெலும்பு கீழ்ப்பக்கம் மூடாமல் பிறந்ததும், மறுநாளே மூடித் தைத்ததும் உனக்குத் தெரியும். வீட்டில் அவளுக்கு முதலாளி என்று பெயர் வைத்துவிட்டோம், அது தெரியாது. ஆளாளுக்கு வேலை கொடுத்துவிட்டு அவள் படுத்திருக்கிறாள். சிறுநீர் தானாக முழுவதும் இறங்காததால் வேளாவேளைக்கு மெல்லிய குழாய் வைத்து எடுக்க வேண்டும். உன் அண்ணி ஒரே நாளில் கற்றுக்கொண்டாள், உன் அண்ணன் முதல் தடவை அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டான், அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் குழந்தையைக் கவனித்தோம். இப்போது அவனும் செய்கிறான், செய்யும்போது யாரும் பேசக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு ரப்பர் சீக்கிரம் ஒவ்வாமல் போய்விடுமாம், அதனால் ரப்பர் கையுறை, பலூன் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. எதிர்வீட்டுக்காரர் கொத்தாகப் பலூன் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார், அதை வெளியே கட்டிவிட்டு வாருங்கள் என்றேன், மனிதர் பலூனுக்குத் துணையாகத் தானும் வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார். முதலாளி இடது காலால் நன்றாக உதைக்கிறாள், வலது பாதம் மட்டும் யோசித்து யோசித்து அசைகிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் நடப்பாளா என்று கேட்டால், நடக்க வைக்கத்தானே வருகிறேன் என்கிறாள், அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

முதுகை மூடிய பிறகு சில பிள்ளைகளுக்குத் தலைக்குள் நீர் தேங்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை தலையைச் சுற்றி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள், அளவு திடீரென்று ஏறினாலோ, உச்சிக்குழி உப்பினாலோ, வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்தாலோ போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். அளவு என்ற சொல் காதில் விழுந்ததுமே உன் அப்பா கழுத்தில் தையல் டேப்போடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகித டேப்பை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓசியில் கொடுக்கும் துணிப்பையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. அதுவரை அண்ணிதான் அளந்துகொண்டிருந்தாள், போன வாரம் அவள் குளிக்கப் போன நேரத்தில் இவர் அளந்துவிட்டார். ஒரே வாரத்தில் தலை ஒரு விரல் பெருத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், டாக்ஸியில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நர்ஸ் அளந்தார், இருக்க வேண்டிய அளவுதான் இருந்தது. மறுபடியும் அளந்தார், அதேதான். வீட்டில் எப்படி அளந்தீர்கள், செய்துகாட்டுங்கள் என்றார். உன் அப்பா டேப்பைச் சுற்றினார், உள்ளே ஆள்காட்டி விரலை நுழைத்தார், அளவைப் படித்தார். ஆயுள் முழுக்கக் காலர் தைத்தவர், யாருக்கும் கழுத்து இறுகக்கூடாதென்று ஒரு விரல் லூஸ் விட்டே பழகிய கை. “ஐயா, இது காலர் இல்ல, தலை” என்றார் நர்ஸ். உன் அப்பா விரலை உருவிக்கொண்டார். இப்போதும் நான்தான் அளப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், காகித டேப்பில்தான் அளக்கிறார், அந்த விரலை மட்டும் உன் அண்ணி பிடித்துக்கொள்கிறாள்.

உன்னைச் சிரிக்க வைக்க இதை எழுதவில்லை. நர்ஸ் கூப்பிடும் வரை வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம், தலையில் நீர் கட்டிவிட்டது என்றே நினைத்திருந்தோம். அப்போது உன் அண்ணி குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை, உன்னைப் பற்றிக் கேட்டாள். அடுத்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், கர்ப்பம் உறுதியானதும் மாத்திரை ஆரம்பிக்கிறேன் என்று நீ சொன்னாயே, அதை நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். “அத்தை, எனக்கும் உறுதியானப்புறம்தான் மாத்திரை குடுத்தாங்க. அதுக்குள்ள ரெண்டு மாசம் ஆயிருச்சு. எனக்கு யாரும் முன்னாடி சொல்லல, அவளுக்கு நாம சொல்லிருவோம்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் அழவில்லை.

டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் அந்தக் குழல் முதல் மாதத்திலேயே மூடிவிடும், நாள் தள்ளிப்போனதா என்று நாம் விரல்விட்டு எண்ணும்போதே அந்த வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு மாத்திரை எடுப்பது, இந்த விஷயத்தைப் பொறுத்தவரை, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, சில மாதம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். கீரை சாப்பிடுகிறேன், பயறு சாப்பிடுகிறேன் என்று சமாளிக்காதே, சாப்பிடு, ஆனால் அது மட்டும் போதாது. நம் குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்திருப்பதால் உனக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கலாம், அதனால் நீயாகக் கடையில் வாங்காமல் டாக்டரிடம் இதைச் சொல்லி அவர் எழுதிக்கொடுப்பதை எடு. மாத்திரை எடுத்தாலும் நூற்றுக்கு நூறு தடுக்க முடியாது, பெரும்பாலும் தடுக்கலாம் என்றார். உன் அண்ணி, நான் ஏதாவது தப்பு செய்தேனா என்று அவரிடம் கேட்டாள், நீ ஒரு தப்பும் செய்யவில்லையம்மா என்றார். அவள் தலையை ஆட்டினாள், நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை அண்ணி உனக்குப் போன் செய்வாள். இந்தப் பேச்சைத் தானாக எடுக்க அவளுக்கு வாய் வராது, முதலாளி புராணம்தான் பேசிக்கொண்டிருப்பாள். அவள் ஆரம்பிப்பதற்கு முன்னால், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்பதற்கும் முன்னால், மாத்திரை ஆரம்பித்துவிட்டேன் அண்ணி என்று சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா