நீ கோர்த்து வைத்த பன்னிரண்டு ஊசிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமாக இல்லை என்பது உன் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, அதனால் நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ மூன்று பேச்சைக் குறுக்கே போடுவாய், கடைசியில் சாப்பிட்டியா தூங்கினியா என்று முடிந்துவிடும். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொன்னால் மட்டும் உடனே வந்துவிடுகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், இப்போது யார் வண்டியில் உட்கார்ந்தாலும் பின் சீட்டிலிருந்தே காலால் பிரேக் மிதிக்கிறார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய் ரிப்பேர்க்காரர் நாளைக்கு வரேன்மா என்று சொல்லி இன்றோடு பதினோரு நாள். உன் வேலை என்னவென்று அப்பாவுக்கு நீ எத்தனை தடவை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை, அதனால் நானே சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கண்ணாடி, கையில் அதிகம் காசில்லாதவர்கள் இருக்கிற தெருவுக்கே கொண்டுபோய்க் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், விலையில் குறைகிற பாக்கியை வசதியுள்ளவர்கள் நன்கொடையாகப் போடுகிறார்கள், அதாவது கடையும் தர்மமும் ஒரே பெட்டிக்குள். இதைக் கேட்டுவிட்டு, அப்போ இவ கடைக்காரியா தர்மகர்த்தாவா என்று கேட்கிறார். ரெண்டும்தான் என்றேன், தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் ஒரு பெரிய நன்கொடையாளர் எழுந்து, ஏழைகிட்ட போய்க் காசு வாங்குறீங்களே, வெக்கமா இல்ல, எல்லாத்தையும் சும்மா கொடுங்க, முழுச் செலவும் நான் ஏத்துக்கறேன் என்றாராம், நீ வாயடைத்து நின்றாயாம். வீட்டுக்கு வந்து ராஜினாமா எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறாயாம், மாசக் கடைசியில் கொடுக்கப் போகிறாயாம். அடிப் பாவி, என்னிடம் வாய் நீளுகிற நீளத்துக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லையா? நாலு நாள் கோபம் எனக்கு. அப்புறம்தான் உறைத்தது, நீ சொல்ல வேண்டிய பதிலை நான் உனக்குச் சொன்னதே இல்லை. முப்பது வருஷமாக இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. தினம் பள்ளிக்குக் கிளம்புமுன் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு ஊசி கோர்த்து வைப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடது ஓரம் கறுப்பு நாலு, நடுவில் வெள்ளை நாலு, வலது ஓரம் கருநீலம் நாலு என்று அந்தப் பழைய ஊசித் திண்டில் வரிசையாகக் குத்தி வைப்பாய். பார்வை மங்கிக் கறுப்பும் நீலமும் அப்போதே என் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டிருந்தன, ஆகவே நிறத்தைப் பார்த்து எடுப்பதில்லை, இடத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன். தெருவில் எல்லாரிடமும், நான் இல்லேன்னா எங்கம்மாவுக்கு வேலையே ஓடாது என்று பீற்றிக்கொண்டு திரிவாய். ஒருநாள் உன் அப்பா மேஜையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று திண்டை எடுத்தவர் இடம் வலமாகத் திருப்பி வைத்துவிட்டார். நாலு நீலச் சீருடைப் பாவாடைக்குக் கீழ்மடிப்பு முழுக்கக் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்திருக்கிறேன். சீருடைக் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணு தெரியலேன்னா வீட்ல உக்காரும்மா என்று மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பினார். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு நாற்பதுகூட முழுசாக ஆகவில்லை.

அதற்கு அடுத்த மாசம் பள்ளிக்கூட மைதானத்தில் இலவசக் கண்ணாடி முகாம் போட்டார்கள். மேடை, மைக், போட்டோ. எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே கறுப்பு, ஒரே தடி, ஒரே பவர். காதில் மாட்டும் கம்பியில் கொடுத்தவர் பெயர் வெள்ளை எழுத்தில். உன் அப்பா பார்த்துவிட்டு, என்னடி இது, பேர் வெட்டின பாத்திரம் மாதிரி இருக்கே, காணாமப் போனா அவரு வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பாங்க என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது விலை உயர்ந்த துணியோடு ஒரு அம்மாள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அந்தக் கம்பியைப் பார்த்தாள், இன்னொரு நாள் தரேன் என்று திரும்பிப் போய்விட்டாள். இலவசக் கண்ணாடிக்காரியிடம் நல்ல துணியைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அன்றைக்கே கழற்றி இரும்புப் பெட்டியில் போட்டேன். தெருவில் யாருமே போடவில்லை, ஆனால் முகாமின் கணக்கில் எங்கள் எல்லாருக்கும் கண் தெரிந்துவிட்டது.

அப்புறம் வந்தாள் அந்தப் பெட்டிக்காரி. நம்மைப் போல ஒரு சாதாரணப் பெண்தான், கையில் பழுப்புப் பெட்டி, அதற்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. என் ஊசியையே வாங்கி, கோத்துக் காட்டுங்கக்கா பார்ப்போம் என்று ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிவிட்டாள். நாலாவதில் ஊசிக் காது கதவு மாதிரி திறந்துகொண்டது. அடியம்மா, அதோடு விட்டேனா? ஏழெட்டு ஃபிரேமைப் போட்டுப் போட்டுப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நேரம் என் முகத்தை நான் பார்த்ததில்லை, கடைசியில் சிவப்பை எடுத்தேன். பேரமும் பேசினேன். முகாமில் வாயைத் திறக்காமல் கை நீட்டி வாங்கியவள் இவளிடம் அரைமணி நேரம் சண்டை போட்டேன், அந்த சந்தோஷத்தை இந்தக் காகிதத்தில் எப்படி எழுதுவேன்? அவளும் சளைக்கவில்லை, இந்த விலைக்கே யாரோ புண்ணியவான் பாதி போட்டிருக்காரு, முழுக்க வியாபாரம்னா உங்க தெருவுக்கு நான் வந்திருக்கவே மாட்டேன், முழுக்க தர்மம்னா ஒரு தடவையோட போயிருப்பேன் என்றாள். சொன்னபடி மாசாமாசம் வந்தாள், திருகாணி முடுக்கிக் கொடுத்தாள், முந்தானையில துடைக்காதீங்க என்று திட்டினாள்.

எல்லாம் நல்லதாகவே இருந்தது என்று பொய் எழுத மாட்டேன். எதிர் வீட்டு இஸ்திரிக்காரி ஒரு நீல ஃபிரேமைப் போட்டுப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது, விலையைக் கேட்டுவிட்டுத் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. உன் நன்கொடையாளரின் காசு அவளுக்கு வேண்டும், மேடையும் மைக்கும் கம்பியில் பெயரும் இல்லாமல், அந்த நீலத்தையே அவள் எடுத்துக்கொள்கிற மாதிரி. அதற்கு வழி என்னவென்று எனக்குத் தெரியாது, நீதான் படித்தவள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சிவப்புக் கண்ணாடி வந்த அன்று, இனிமே நான் கோர்க்க வேண்டாமா என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாய். எனக்குத் தாங்கவில்லை. இதுல துணி தெரியுது, ஊசிக் காது மட்டும் தெரியலடி என்றேன். பொய். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நீ பன்னிரண்டு கோர்த்து வைத்துவிட்டுப் போவாய், அது தீர்ந்ததும் பதின்மூன்றாவதை நானே கோர்த்துக்கொள்வேன். கொடுக்கிற கையாக இருப்பதில் உனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெரிய மனிதருக்கும் அதே பெருமைதான், வேறொன்றுமில்லை. எனக்கும் அந்தப் பெருமை ஒருநாள் வேண்டியிருந்தது, காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

ராஜினாமாவைக் கொடு, கொடுக்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், அது வந்து சேரும்வரை டிராயரைத் திறக்காதே. அதில் அந்தப் பெயர் போட்ட கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, இன்னும் புதுசாகவே இருக்கிறது. அந்த நன்கொடையாளரிடம் மரியாதையாகக் கொடுத்து, ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போய்வரச் சொல். நீ வாயே திறக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே. உன் கைபட்ட காரியம் எல்லாம் துலங்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், வலது கால் பிரேக்கில் இருப்பதால் எழுந்து வர முடியவில்லை. மறக்காமல் ஒன்று செய். பார்சலின் அடியில் ஒரு ஊசியும் கருநீல நூலும் வைத்திருக்கிறேன். உனக்கும் நாற்பது நெருங்குகிறது, கோர்த்துப் பார். முடியவில்லை என்றால் உங்கள் பெட்டிக்காரிகளில் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பிடித்த நிறத்தில் ஒன்று எடுத்துக்கொள். ஓசியில் வாங்காதே. பேரம் பேசி வாங்கு.

என்றும் உன் நினைவோடு,
சிவப்புக் கண்ணாடி போட்ட
உன் அம்மா