உன் வண்டி மேல் குற்றமில்லை, செபா

என் ஆசை மகன் செபஸ்தியானுக்கு, அம்மா எழுதுவது.

நீ எங்களை விட்டுப் போய் வருகிற மாசத்தோடு ஒரு வருசம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் ஜெபத்தில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருக்கும். உன் மகள் ரோஸி திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம், இது என் கையாலேயே போகட்டும் என்றேன். உன் வண்டியைத் திட்டி எழுதியதே அந்த மெட்ராஸ் மோட்டார் பத்திரிகை, அதற்கே இந்தக் கடிதத்தை அனுப்பப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

ரோஸி ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மிஷன் பள்ளியில் இங்கிலீஷில் அவள்தான் முதல். என் பேத்தியாயிற்றே! பூம்பாறையில் இந்த வருசம் மழை நிற்காமல் பூண்டெல்லாம் அழுகிப் போயிற்று. உன் வண்டி துருப் பிடிக்காமல் இருக்கிறது. உன் சிநேகிதன் இப்ராகிம் வாராவாரம் வந்து உதைத்துக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போகிறான். அந்தச் சத்தம் கேட்டால் உன் பெண்சாதி லூர்து அடுப்படியில் அப்படியே நின்றுவிடுகிறாள். சட்டியில் இருப்பது தீய்ந்தாலும் அசைய மாட்டாள். நான்தான் போய் இறக்கி வைக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டுமே. வெள்ளைக்காரர்கள் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சீமை மோட்டார் சைக்கிள் அது. அதே ஜாதி வண்டி இந்த மலையில் மொத்தம் மூன்று. உன்னிடம் ஒன்று, தபாலாபீஸ் கோவிந்தனிடம் ஒன்று, உருளைக்கிழங்கு வியாபாரி இப்ராகிமிடம் ஒன்று. மூன்று பேரும் சேர்ந்துவிட்டால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. பெண்டாட்டியைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள், வண்டியைச் சொன்னால் சண்டைதான்.

நாலு வருசத்துக்கு முன்னால் சீசனில் அந்தப் பத்திரிகையின் நிருபர் மெட்ராஸிலிருந்து வந்தார். மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து எழுத ஒரு வண்டி வேண்டும் என்றார். நீ ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. உன் வண்டியைப் பற்றிப் பத்திரிகையில் வரப்போகிறதே!

மறுநாள் வெள்ளனே எழுந்து நான்தான் வண்டியைத் துடைத்தேன். அடியில் ஒரு சின்னக் குழாய், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய். எத்தனை துடைத்தாலும் திரும்பவும் ஒரு சொட்டு. மூக்கொழுகும் பிள்ளையை விருந்தாளி முன்னால் நிறுத்துவது போல இருந்தது எனக்கு. பெட்ரோல் டாங்கியில் கசிவு வந்தால் நீ என்ன செய்வாய்? பார் சோப்பைத் தேய்த்து அடைப்பாய். பார்த்துப் பார்த்துப் பழகியவள்தானே நான். சோப்பைத் துணியில் பிசைந்து குழாய்க்குள் திணித்து, நூல் போட்டு இறுக்கிக் கட்டினேன். சொட்டு நின்றது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நிருபர் அடிவாரத்து வத்தலக்குண்டு வரை இறங்கிவிட்டு ஏறி வந்தார். நீ பின்னாலேயே கோவிந்தன் வண்டியில் வந்தாய். ஏறும்போது பெருமாள்மலை தாண்டுவதற்குள் இன்ஜினின் எல்லா மூட்டிலிருந்தும் எண்ணெய் பீச்சி, புகை கிளம்பி, அவர் வெள்ளைக் கால்சட்டை கருப்பாகிப் போயிருந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நீ கைகழுவத் தண்ணீர் கொண்டுவர ஓடினாய். நான் குனிந்து பார்த்தேன். குழாயில் என் துணி அப்படியே இருந்தது. ஏன் பயந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தொடாதே என்று திட்டுவாய் என்றா? படக்கென்று பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டேன்.

நீ வந்து முதல் காரியமாக அந்தக் குழாயில்தான் வாய் வைத்து ஊதினாய். "சுத்தமாத்தான இருக்கு" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், செபா.

பத்திரிகை வந்தது. இந்த வண்டி மலைக்கு லாயக்கில்லை, எண்ணெய் கக்குகிறது, வாங்குகிறவன் கூடவே ஒரு மெக்கானிக்கையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். பஜாரில் சும்மா இருப்பார்களா?

"ஏலே செபா, வீட்டுல நல்லெண்ணெய் தீந்துபோச்சு. வண்டியக் கொஞ்சம் சாய்ச்சு ஊத்துடா!"

அன்றைக்கு நீங்கள் மூவரும் நம் வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதினீர்கள். நீ கோவிந்தனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய்.

"அந்தக் கொழாய் வண்டிக்கு மூச்சுடா. உள்ள கெடக்கற காத்து அது வழியாத்தான் வெளிய வரணும். அது அடைச்சிருந்தா அங்கிட்டும் இங்கிட்டும் எண்ணெய் பீச்சும். ஆனா அன்னைக்கு நானே ஊதிப் பாத்தேனே!"

காப்பித் தம்ளரோடு வந்த எனக்கு அது காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கே புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். நீ என் பக்கம் கையைக் காட்டி, "இந்த வண்டியில குத்தம் இருக்கான்னு எங்கம்மாவக் கேளுங்கடா. ஒவ்வொரு மரையாணியும் அதுக்குத் தெரியும்" என்றாய்.

"ஆமா, என் மகன் வண்டிக்கு என்ன கொறை?" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும்.

அந்த நிருபர் வேறு கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதிவிட்டார் என்று நீ எழுதினாய். கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன், வண்டி மேல் உள்ள ஆசை உங்கள் கண்ணை மறைக்கிறது என்று அவர் பதில் போட்டார். வண்டி நல்லது என்று காட்ட நீங்கள் மூவரும் பின் சீட்டில் கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து எங்கும் நிற்காமல் ஏறி வந்தீர்கள். பங்குச் சாமியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை.

போன வருசம் உனக்குக் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் மஞ்சள் பூத்த கண்ணோடு என்னைப் பார்த்துக் கேட்டாய். "அந்தாளு ஓட்டுனப்ப மட்டும் என்னம்மா ஆயிருக்கும்?"

தூங்குப்பா என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன கேடு? ஐந்தாம் வகுப்புப் படித்தவள், விவரம் தெரிந்தவள் என்று ஊர் சொன்னதே, அந்தப் பேர் உன்னைவிடப் பெரிதாகிவிட்டதா?

போன வாரம் கோவிந்தனும் இப்ராகிமும் ஒரு காகிதத்தோடு வந்தார்கள். உன் நினைவுநாளுக்கு அந்தப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்களாம். பொய் எழுதிய நிருபரால் மனம் நொந்து செத்தான் எங்கள் நண்பன் என்று.

"பெத்தவங்க நீங்க, மொதக் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்று கோவிந்தன் பேனாவை நீட்டினான்.

அதை வாங்கிக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். துணி, சோப்பு, மடியில் சொருகியது, எல்லாம்.

"சோப்பாம்மா?" என்றான் இப்ராகிம். "துவைக்கிற சோப்பா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதான்.

கோவிந்தன் சிரிக்கவில்லை. "நாலு வருசம்மா. அந்த மனுசனத் திருடன் கணக்கா ஏசிக்கிட்டுத் திரிஞ்சோம். நம்ம செபா கடைசி வரைக்கும் அந்தக் கொழாயவே பேசிக்கிட்டுக் கெடந்தான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிட்டுப் போயிருப்பானே!" என்று எழுந்து போய்விட்டான். அதன்பின் அவன் நம் தெருப் பக்கமே வரவில்லை.

அவன் சொன்னது சரிதானா செபா? சிரித்திருப்பாயா?

நிருபர் ஐயா, நீங்கள் கண்டதைத்தான் எழுதினீர்கள். என் மகன் உங்களைச் சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் வண்டியும் பொய் சொல்லவில்லை. மறுபடி வந்து ஓட்டிப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள்.

செபா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் நின்று இதை என் வாயாலும் சொல்வேன். கோவிந்தன் வீட்டுக்கு நானே நடந்து போவேன். நிருபர் வந்தால் வண்டியைத் தொடாமல் தூர நின்றுகொள்வேன். அவர் ஏறி வரும் சத்தம் வளைவில் கேட்கும்போது, நீதான் வருகிறாய் என்று மனசு ஒரு நிமிசம் ஏமாறும். ஏமாறட்டும்.

உன்னைப் பெற்றும், உன் முகம் பார்த்து உண்மை சொல்லாத அம்மா,
ஞானம்மாள்