டிவியைத் திருப்பிக் குடுத்துடாதீங்க

ஏங்க, படம் இருட்டா தெரியுதுன்னு நீங்க திருப்பிக் குடுக்கச் சொன்ன டிவியை எடுத்துட்டுப் போக மத்தியானம் கடையிலிருந்து ஆள் வருவார். காபி குடுத்து வெறுங்கையோட அனுப்பிடுங்க. டிவி மேல ஒரு தப்பும் இல்லை. நாள் பூரா எடிட்டிங் ரூம்ல கலர் பார்க்கறவ சொல்றேன், நம்புங்க.

ஹெச்டிஆர்னு வர்ற படங்கள்ல இருக்கற வெளிச்சம், நம்ம டிவியால காட்ட முடியறதைவிட அதிகம். யாராவது ஒருத்தர் அதைப் பக்குவமா குறைக்கணும். நம்ம வீட்டுல டிவிக்குப் படத்தை அனுப்பற ப்ளேயரும் குறைச்சுது, அது தெரியாம டிவியும் குறைச்சுது. படம் இருண்டு போச்சு. காலையில ப்ளேயரோட வேலையை நிறுத்திட்டேன். தன் திரை எவ்வளவு தாங்கும்னு டிவிக்குத்தான் தெரியும், அதுவே பார்த்துக்கட்டும். போட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க.

சாப்பாடு அடுப்பு மேல. இன்னொரு சாவி பக்கத்து வீட்டுல.

நேத்துக் கோபம் எனக்கு இன்னும் போகலை. வேலையை விட்டுட்டு சொந்தமா கடை வைக்கப்போறேன்னு பொண்ணு வாயெல்லாம் பல்லா வந்து சொன்னா. நீங்க உட்காரவெச்சு புத்தி சொன்னீங்க. அது தெரியாம நானும் வந்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். அவ சாப்பிடாமலே எழுந்து போயிட்டா. அப்புறம் யாரால போனான்னு நமக்குள்ள சண்டை.

சாயந்திரம் வருவா. நீங்களே பேசுங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இடமில்லை, ஓரத்துல எழுதறேன்: நீங்களும் ரொம்பக் குறைச்சுடாதீங்க. அவ முகத்துல அவ்வளவு வெளிச்சத்தை நான் நேத்துதான் பார்த்தேன்.