கிழமை எழுதாத பட்டியல்

மார்ச் 4

இன்றும் நுரை. காலை 7.40. எங்கள் தெருவின் மழைநீர்க் குழாய் வாய்க்காலில் விழும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு. படம் எடுத்தேன். பட்டியலில் இது பன்னிரண்டாவது.

தெருமுனையில் லாண்ட்ரி. வேறு யார் இவ்வளவு சோப்பு கரைப்பார்கள்? படங்களையும் தேதிகளையும் சேர்த்து நகராட்சிக்கு அனுப்பிவிட்டேன். குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். "அக்கா எழுதினா ஆணி அடிச்ச மாதிரி" என்றார் செயலாளர். சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 6

லாண்ட்ரியைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடியும்வரை திறக்கக் கூடாதாம். வாங்காமல் கிடந்த துணிகளைக் கடைக்காரரின் மனைவி மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா உங்க வீட்டுப் போர்வை, விரிப்பெல்லாம் துவைக்கிறேன். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்லக்கா?"

"வாய்க்கால் எல்லாருக்கும் பொதுவாச்சே" என்றேன். மேடையில் பேசுகிற மாதிரி.

மார்ச் 8

பூட்டிய கடை. ஆனாலும் நுரை.

"பூட்டுக்குள்ளேருந்து துவைக்கிறானா?" என்று கணவர் சிரித்தார். குழாயில் தங்கிய பழைய சோப்பாக இருக்கும் என்று குழுவில் எழுதினேன். எழுதும்போது நானே அதை நம்பினேனா?

மார்ச் 9

பட்டியலை எடுத்து நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். தேதி எழுதியிருக்கிறேன், மணி எழுதியிருக்கிறேன், கிழமை எழுதவில்லை. அனுப்பிய பன்னிரண்டும் ஞாயிறு, புதன். ஞாயிற்றுக்கிழமை லாண்ட்ரி விடுமுறை. அது எனக்குத் தெரியும்.

ஞாயிறும் புதனும் எங்கள் வீட்டில் மெஷின் ஓடும் நாட்கள்.

மார்ச் 10

போன மழைக்காலத்தில்தான் வாஷிங் மெஷினை மொட்டை மாடிக்கு மாற்றினோம். "பக்கத்துலயே பைப் இருக்கும்மா, எதுக்குச் சுவரை உடைக்கணும்?" என்று பிளம்பர் கழிவுக் குழாயை மழைநீர்க் குழாயில் செருகினார். வேலை சீக்கிரம் முடிந்ததே என்று அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவள் நான்.

ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து மாடியில் மெஷினின் கழிவுக் குழாயில் ஊற்றினேன். மகள் வாய்க்காலருகே போனோடு நின்றாள்.

"அம்மா... வருதும்மா. நீலமா வருது." பிறகு, "துப்பறிஞ்சது போதும். குற்றவாளி மாடியிலதான் நிக்கிறா" என்றாள். சிரிக்க வரவில்லை.

மார்ச் 11

துவைக்கவில்லை. நுரையும் இல்லை.

"சத்தமில்லாம பைப்பை மாத்திடுவோம். டெஸ்ட் முடிஞ்சா அவன் கடை தானா திறந்துடும். நீ ஏன் தலையக் குடுக்கிற?" என்றார் கணவர். நான் தலையாட்டினேன். வாய்க்கால் பொது என்று பேசிய அதே நான்தான்.

மார்ச் 12

குழுவில் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 13

பூட்டிய கடையின் படியில் லாண்ட்ரிக்காரர் உட்கார்ந்திருந்தார், துணி கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பதற்காக. மூன்றாம் வீட்டுக்காரர் தம் சட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, "இனிமே வேற இடத்துல போட்டுக்கறேன்பா. வாய்க்காலையே நாறடிச்சிட்டியே" என்றார். லாண்ட்ரிக்காரர் அடுத்த மூட்டையை அவிழ்த்தார். நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன்.

பரிசோதனை பூட்டைத் திறக்கும். இந்தப் பழியை எது துடைக்கும்?

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்: "வாய்க்காலில் நுரை விட்டது என் வீடு. லாண்ட்ரி அல்ல. என் மெஷினின் தண்ணீர் மழைநீர்க் குழாயில் போகிறது. விசாரிக்காமல் ஒருவர் பிழைப்பில் கை வைத்துவிட்டேன்." குழுவுக்கும் நகராட்சிக்கும் அனுப்பினேன்.

"இவ்வளவு பட்டவர்த்தனமா வேணுமாக்கா?" என்று செயலாளர் போன் செய்தார். குழுவில் யாரும் ஒரு சொல் எழுதவில்லை. ஆனால் தனியாக நான்கு பேர் கேட்டார்கள்: "எங்க மெஷினும் மாடியிலதான். எப்படிப் பாக்கறது?" மெஷின் குழாய் எதில் போய்ச் சேருகிறது என்று கீழே வரை தொடர்ந்து பாருங்கள் என்றேன். மூன்றாம் வீட்டுக்காரரும் கேட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

காலை 7.40. நுரை இல்லை. சுவரை உடைத்துக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்தாயிற்று. தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் சுவர் உடைக்கும் சத்தம்.

மார்ச் 23, திங்கள்

லாண்ட்ரி திறந்து நான்கு நாளாகிறது. இன்றுதான் கால் எழுந்தது. படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு போனேன். "தப்பு என்னோடது" என்றேன். "படிச்சேன்" என்றார்.

எட்டு வருடமாக மூட்டையை வைத்துவிட்டு வந்துவிடுவேன். எதுவும் கேட்காமல் அவரே துணியில் எங்கள் வீட்டுக் குறியைப் போட்டுக்கொள்வார். இன்று நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

"வீட்டு நம்பர் சொல்லுங்க."

சொன்னேன்.