என் கல்லாவில் இன்னொருத்தி

மார்ச் 4
படக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் கூத்தடிக்கிற நகைச்சுவைப் படம். முழுக்க எங்கள் ஹோட்டலில்தான் எடுக்கிறார்கள். முதலாளியம்மாவாக நடிப்பவள் என் கல்லாவில் உட்கார்ந்து, பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு மேசையெல்லாம் தேடினாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அப்புறம் கை தானாக என் கொண்டைக்குப் போனது. பேனா இருந்தது.

மார்ச் 5
என் பழக்கத்தையெல்லாம் படக்காரர்களிடம் யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள்.

மார்ச் 7
இன்று அவள் பேசிய வசனம்: "மேசையத் தொடைக்கச் சொன்னா மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிற, பொண்ணு பாக்க வந்தியா?" சத்தியமாக இது என் வாயிலிருந்து வந்தது. போன வாரம் எங்கள் சப்ளையர் நெட்டையனைத் திட்டியது! அவன் இயக்குநர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? அதுல திட்டு வாங்குறதே நான்தானே!"

நியாயம்தான். ஆனாலும் நம்பவில்லை.

மார்ச் 8
என் வீட்டுக்காரர் ஹோட்டல் அடுப்படியில் விசிலடித்துக்கொண்டே சமைக்கிறார். கல்யாணமானதிலிருந்து நான் கேட்டதே இல்லை. அப்படி என்ன சந்தோஷம்?

மார்ச் 10
கூப்பிட்டு இவர் பதில் சொல்லாவிட்டால், "சரி, செவுத்துக்கிட்டயே சொல்லிக்கிறேன்" என்பேன். வீட்டில் மட்டும்தான். இன்று அதையும் அவள் சொல்லிவிட்டாள். நெட்டையனுக்கு இது எப்படித் தெரியும்? வீட்டில் இருப்பது நாங்கள் இருவர் — கட்டினவரே காட்டிக்கொடுத்தால்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அடுப்படிக்குப் போனேன்.

"நீங்கதானா?"

கரண்டியைக் கீழே வைத்தார். "ஆமா. உன்ன மாதிரி பேச யாருக்கும் வராதுன்னு டைரக்டர்கிட்ட சொன்னேன். இன்னும் சொல்லுங்கன்னாரு. சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு தாங்கல."

"இத்தன வருஷத்துல என் முன்னாடி ஒரு தடவ சிரிச்சிருக்கீங்களா?"

கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "சிரிச்சா நீ கோவிச்சுக்கிட்டு பேச்ச நிறுத்திடுவியோன்னு..." என்றார்.

திரும்பிக் கல்லாவுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 11
பேசவில்லை. அவரும் விசிலடிக்கவில்லை.

மார்ச் 13
நடிகைக்கு வசனம் எல்லாம் மனப்பாடம். எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது என்றுதான் தெரியவில்லை. திரும்பத் திரும்பச் சொதப்பினாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எழுந்துபோய்ச் சொல்லிக்காட்டினேன். அப்படியே பிடித்துக்கொண்டாள். கேமரா ஓடும்போது அடுப்படியிலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. எல்லாம் நின்றுபோனது.

"யாருய்யா அது?" என்று உதவி இயக்குநர் கத்தினார்.

"எங்க வீட்டுக்காரர்தான். சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் எடுங்க" என்றேன்.