பத்தியத்துக்குச் சிப்பிக் குழம்பா?

இஞ்சாரும்,

தொலைபேசியில் சொன்னால் இடையில் வெட்டிவிடுவீர். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத மகளுக்கு, அவள் கட்டிய ஸ்பானியனின் தாய் இறால், கணவாய், சிப்பி எல்லாம் போட்டு 'சார்சுவேலா' என்று ஒரு குழம்பு வைத்துக் கொடுக்கிறாவாம். பிள்ளைப்பேறு பார்க்கப் போன நீரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர். இறாலும் கணவாயும் கிரந்தி, பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாது என்று உமக்குத் தெரியாதா? ஜெர்மனிக்கு வந்த புதிதில், பீலெஃபெல்ட் அகதி முகாமில், இவளைப் பெற்ற உமக்கு ஒற்றை அடுப்பில் மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக் கறி வைத்துத் தந்தவன் நான்.

"அதிலை புரதம், இரும்பு, அயடீன் எல்லாம் இருக்கெண்டு அப்பாவுக்குச் சொல்லுங்கோ" என்றாளாம். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். இருக்கிறதுதான். கொழுப்பும் குறைவுதான். அதற்காக நான் சொன்னது பிழையாகிவிடாது. பத்தியம் என்றால் என்னவென்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றேன், வரவில்லை. அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன், மிதிக்கமாட்டேன்.

சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அங்கே லைப்சிக் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன். வந்து வாங்கும்.

குழம்பில் பாதாம் அரைத்து விடுவதும் குங்குமப்பூப் போடுவதும் விபரமாகச் சொன்னீர். பிள்ளை யாருடைய சாயல் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமையோடு முப்பத்தோராம் நாள் துடக்கும் கழிந்துவிடுகிறது. பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு வரலாம். புகையிரத நிலையம் யாருடைய வீடும் இல்லை.

இப்படிக்கு,
உம்முடைய மகளின் தகப்பன்