சிலிர்க்காத கிடாய்

குருமடம்
8-11-1946

அய்யாவுக்கும் அம்மாவுக்கும் மகன் அமிர்தராஜ் முழந்தாளிட்டு எழுதுவது. அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? திருச்சுழிப் பக்கம் மழை உண்டா?

செவ்வாயன்று லத்தீன் சொல்லித்தரும் சுவாமி, பழைய ரோமாபுரிக்காரர் ஒருவர் இயற்கையைப் பற்றி எழுதியதைக் கண்டிப்பதற்காகவே வாசித்துக் காட்டினார். உலகத்து அணுக்கள் எல்லாம் மழைபோல நேரே விழுகின்றனவாம். எப்போதாவது ஒன்று தானாக மயிரிழை விலகுமாம். அதனால்தான் விதியை மீறி மனிதனுக்கு இஷ்டம் என்று ஒன்று இருக்கிறதாம்.

“நேர்ந்துவிட்ட பிள்ளைக்கும் உண்டா, சுவாமி?” என்று கேட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்க முழந்தாளில் நிறுத்தினார்கள். பயப்படாதீர்கள், தோல்தான் உரிந்தது.

மூன்று வயதில் நான் பேதியில் கிடந்தபோது, “பொழச்சா ஒனக்கே தாரேன், மாதாவே” என்று நேர்ந்தீர்கள். நம்மூரில் நேர்ந்த கிடாய்க்குக்கூடத் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்துச் சம்மதம் சொல்லும்வரை வெட்டாமல் காத்து நிற்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் நான் சிலிர்க்க மாட்டேன், அய்யா.

தையில் குருப்பட்டம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு பழைய வேட்டி அனுப்புங்கள். என்னுடையதை வந்த அன்றே வாங்கிக்கொண்டார்கள். மணி அடிக்கிறது, முடிக்கிறேன். அங்கியோடு வந்தால் எழுந்து கும்பிடுவீர்கள், வேட்டியோடு வந்தால் அடிப்பீர்கள்.

அடியுங்கள், அய்யா. வந்துவிடுகிறேன்.

அமிர்தராஜ்